மலையைத் திறந்த ரிமோட்

கண்ணு,

இன்று காலை என் மேசை இழுப்பறையைக் கலைத்துக்கொண்டிருந்தாய். ஸ்க்ரூ டிரைவர், கருகின ரிலே, செத்த பேட்டரி எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு, ஒரு சாம்பல் நிற ரிமோட்டைத் தூக்கிக் காட்டி, "இது யாருதுப்பா?" என்று கேட்டாய். நான் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தேன். "அது உடைஞ்சது சாமி, கீழ போடு" என்றேன். பொய். அது உடையவில்லை, யாருடையது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். நாலு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அடுத்த வாரம் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம். நான் பக்கத்தில் இல்லாதபோது உன்னைப் பற்றி மற்றவர்கள் முடிவு சொல்லப்போகிற முதல் இடம் அது. நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபது தாண்டியிருக்கும், நீயும் யாரைப் பற்றியாவது முடிவு சொல்லும் இடத்துக்கு வந்திருப்பாய். மற்றவர்களும் படிக்கட்டும். என்னைப் போல கதவுக்கு மோட்டார் மாட்டிப் பிழைக்கிறவர்கள் கட்டாயம் படிக்கட்டும்.

எனக்கு இப்போது முப்பத்தொன்று. எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். திருச்செங்கோட்டில் என்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டார்கள், மீதிப் பேர் பெங்களூர் போனார்கள். நான் இங்கேயே கேட்டுக்கும் ஷட்டருக்கும் ரிமோட் மாட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டேன். வேலை தெரியும். பொறுமை கிடையாது. ஒருவர் இரண்டாவது தடவை கேள்வி கேட்டால் எனக்கு முகம் மாறிவிடும் என்று உன் அம்மா சொல்வாள். கல்யாணமான புதிதில் சொன்னாள், இப்போதும் சொல்கிறாள். உனக்கு என் மூக்கு வந்திருக்கிறது. இது மட்டும் வராமல் இருக்கட்டும்.

நாலு வருடத்துக்கு முன், நீ பிறந்த சமயம், இளம்பிள்ளையில் ஒரு சேலைக் கடைக்கு ஷட்டர் மோட்டார் மாட்டினேன். முதலாளி பெயர் பொன்னுசாமி. சொந்தத் தறி, சொந்தக் கடை, அந்த வீதியில் அவர் செய்வதைப் பார்த்து மற்றவர்கள் செய்வார்கள். அவர் ஒன்று மாட்டியதால் அடுத்த ஒரு வருடத்தில் அதே வீதியில் பத்து ஷட்டர் மாட்டினேன். அவர் கடையில் காலையில் ஷட்டரைத் திறப்பவர் மாதேசண்ணன். ஐம்பது வயது இருக்கும். முன்னால் தறி ஓட்டியவர், கால் நரம்பு இழுத்துக்கொண்டதால் கடைக்கு வந்துவிட்டார். ஸ்டாக் பார்ப்பது, சேலை மடிப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் அவர்தான். ஒரு ரிமோட் முதலாளியிடம், இன்னொன்று மாதேசண்ணனிடம்.

மாட்டி முடித்த அன்று பொன்னுசாமி கேட்டது ஒரே கேள்வி. "எவனாச்சும் இதே மாதிரி ரிமோட்டு வாங்கியாந்து அமுத்துனா தொறந்துக்குமா?" தொறக்காதுங்க, இது ரோலிங் கோடு, ஒவ்வொரு அழுத்துக்கும் நம்பர் மாறிக்கிட்டே போகும் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மாதேசண்ணனுக்குப் போதவில்லை. "ஏனுங் சாமி, ஒவ்வொரு தடவையும் வேற நம்பர்னா, வந்த நம்பரு நம்ம நம்பருதான்னு கதவுக்கு எப்படீங்க தெரியும்?" என்றார். நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்ண்ணா" என்றேன்.

அன்று அவருக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் பின்னால் நடந்தது உனக்கு விளங்காது. பழைய ரிமோட்டுகள் எப்போதும் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். காற்றில் போவதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பிடித்து வைத்து மறுநாள் அதையே அனுப்பினால் கதவு திறந்துகொள்ளும், அனுப்பியது யார் என்று அதற்குத் தெரியாது. ரோலிங் கோடு இந்த ஓட்டையை அடைக்க வந்தது. ரிமோட்டுக்குள் ஒரு ரகசிய எண் இருக்கிறது, அது கதவின் மோட்டாரை இயக்கும் போர்டுக்கும் தெரியும், காற்றில் ஒருபோதும் அப்படியே போகாது. கூடவே ஒரு எண்ணிக்கை. நீ அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அது ஒன்று கூடும். ரிமோட் இந்த இரண்டையும் போட்டு அரைத்து ஒரு புது எண்ணைச் செய்து அனுப்புகிறது. போர்டு தன்னிடம் உள்ள ரகசியத்தை வைத்து அதைப் பிரித்துப் பார்க்கிறது. வந்த எண்ணிக்கை, போர்டு கடைசியாகப் பார்த்ததைத் தாண்டியிருந்தால் திறக்கும். பழைய எண்ணை எவன் பதிவு செய்துகொண்டுவந்து அனுப்பினாலும் அசையாது, ஏனென்றால் அந்த எண்ணிக்கை முடிந்து போனது.

நான் புரியாது என்று சொன்ன மாதேசண்ணன், நான் ஏணியை மடக்குவதற்குள் தானே யோசித்துவிட்டார். "அப்ப ஜக்கார்டு அட்டை மாதிரிதானுங்க. ரெண்டு தறிக்கும் ஒரே அட்டைக் கட்டு. இங்க ஒரு அட்டை நவுந்தா அங்கயும் ஒரு அட்டை நவுரோணும். ரெண்டும் ஒரே அட்டையில நின்னாத்தான் பூ சரியா உழுகும்." சேலையில் பூ வேலை விழுவது ஓட்டை போட்ட அந்த அட்டைகளால்தான், குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை நூலுக்கும் ஒரு அட்டை வீதம் நகரும். நாலு வருடக் கல்லூரியில் எந்த வாத்தியாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. நான் "ஆமாங்ண்ணா, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. வீட்டை விட்டு வெகுதூரத்தில் சும்மா ரிமோட்டை அழுத்தினால் அதில் எண்ணிக்கை ஓடும், கதவுக்குத் தெரியாது. இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நான் மாட்டுகிற வகையில், பதினாறு எண் வரை முந்தியிருந்தால் போர்டு பேசாமல் திறந்துவிடும். அதற்கு மேல் ஓடியிருந்தால் உடனே திறக்காது, ஆனால் ஆளைத் தள்ளியும் விடாது. வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த அழுத்து வருகிறதா என்று காத்திருக்கும். அதுவும் வரிசைப்படி வந்தால், நம்ம ஆள்தான், எங்கேயோ வழியில் எண்ணிக்கை ஓடிப்போச்சு என்று தன் கணக்கைத் திருத்திக்கொண்டு திறக்கும். மாதேசண்ணனின் ரிமோட் அவருடைய டிபன் பையில் இருக்கும். பஸ் நெரிசலில் டப்பா அமுக்கி எண்ணிக்கை ஓடிவிடும். அந்த நாட்களில் கடைக்கு வந்து இரண்டு தடவை அழுத்துவார். அது அவருக்குப் பழகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாத இடியில் அந்தப் போர்டு கருகியது. அதே போர்டு வர பத்து நாள் ஆகும். என் பையில் எல்லா ரிமோட்டையும் ஏற்றுக்கொள்ளும் மலிவான போர்டு ஒன்று கிடந்தது. அது மாறுகிற எண்ணைப் படிக்காது. ஒவ்வொரு ரிமோட்டிலும் பெயர் மாதிரி மாறாத ஒரு எண்ணும் கூடவே போகும், அதை மட்டும் பார்த்துத் திறந்துவிடும். ரோலிங் ரிமோட்டையே கையில் வைத்திருந்தாலும் கதவு பழைய காலத்துக் கதவுதான். "பத்து நாளைக்கு இருக்கட்டுங்க, வந்து மாத்தறேன்" என்று சொல்லி மாட்டினேன். பத்து நாளில் கொல்லப்பட்டியில் ஒரு பெரிய வேலை வந்தது. போகவில்லை. பிறகு மறந்தே போனேன்.

மறந்தது கூடப் பெரிதில்லை. ஒரு மாதம் கழித்து வேறு கடைக்குப் போனபோது மாதேசண்ணன் என்னை மறித்து, "சாமி, புதுப் போர்டு நல்ல போர்டுங்க. முன்னெல்லாம் டப்பா அமுங்குனா ரெண்டு தடவ அமுத்தோணும். இப்ப எப்பவும் ஒரே அமுத்துதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. ஒரே அழுத்தில் திறக்கிறது என்றால் அது எண்ணிக்கையைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். தொழில் தெரிந்தவன் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நான் "ஆமாங்ண்ணா, நல்ல போர்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

போன ஆடிப் பண்டிகைக்குக் கடை மூன்று நாள் பூட்டியிருந்தது. நாலாம் நாள் காலையில் மாதேசண்ணன் ஷட்டரைத் திறந்தால், பின்பக்கம் இரண்டு அலமாரி காலி. ஒரு கல்யாண ஆர்டருக்குக் கட்டி வைத்திருந்த பட்டுச் சேலைகள். ஷட்டரில் ஒரு கீறல் இல்லை. கேமரா இருந்தது, அது கல்லாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னுசாமி எனக்குப் போன் செய்தார். நான் போனபோது கடைக்குள் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாதேசண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"ஏப்பா இஞ்சினீரு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. ரிமோட்டு இல்லாம இது தொறக்குமா?"

"வாய்ப்பே இல்லைங்க."

"காப்பி கீப்பி அடிச்சு?"

"அடிக்கவே முடியாதுங்க. ரோலிங் கோடு. ரெண்டு ரிமோட்டுத்தான் இருக்குது. ரெண்டுல ஒண்ணுலதான் தொறந்திருக்கோணும்."

பொன்னுசாமியின் ரிமோட் மூன்று நாளும் அவர் வீட்டு பீரோவில் இருந்தது. அவர் அதைச் சொல்லக்கூட இல்லை. எல்லோரும் மாதேசண்ணனைப் பார்த்தார்கள். அவர், "நான் தொறக்கலீங்க" என்றார். அவ்வளவுதான். எதிர்க்கடைக்காரர் ரத்தினம், "அப்பறம் வேற யாரு தொறந்தா? போலீசு வேண்டாம், வீதி பேரு கெடும். மாரியம்மன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போவட்டும்" என்றார். எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து நான் செய்யவில்லை என்று சொல்வது அந்தப் பக்கத்தில் இன்னும் செல்லும். மாதேசண்ணன் தலையை ஆட்டினார். "பதினாலு வருசமா நாந்தான் தொறக்கறேன். அன்னிக்கெல்லாம் யாரும் கற்பூரம் கேக்கலீங்களே. இன்னிக்கு எதுக்குங்க?"

அணைக்க மாட்டேன் என்றதும் பாதிப் பேர் முடிவு செய்துவிட்டார்கள். மீதிப் பேருக்காக நான் வாயைத் திறந்தேன். இதை உனக்கு எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "கற்பூரமெல்லாம் எதுக்குங்க, இது டெக்னிக்கலா முடிஞ்ச விசயம்" என்றேன். கற்பூரத்தைக் கேட்ட ரத்தினமாவது அவருக்குத் தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தார். நான் அதையும் அடைத்தேன். மாதேசண்ணன் டிபன் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பொன்னுசாமி அதை என்னிடம் தள்ளி, "இதை கேன்சல் பண்ணிரு" என்றார். அடுத்த வாரம் செய்கிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இங்கேதான் நீ வருகிறாய். உனக்கு அப்போது மூன்று வயது. அம்மாவோடு தம்மம்பட்டிக்கு, உன் மாமா வீட்டுக்குப் பத்து நாள் போனாய். என் பையிலிருந்து அந்த ரிமோட்டை எடுத்து உன் பொம்மைகளோடு போட்டுக்கொண்டது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பத்து நாளும் நீ அதைக் கீழே வைக்கவில்லையாம். ஆட்டுக்கு அழுத்தினாய், பஸ்ஸுக்கு அழுத்தினாய், மாமாவின் வாயை மூட அழுத்தினாய். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று கொல்லிமலையைப் பார்த்து, "தொற, தொற" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாய். "மலை தொறக்குது, அம்மா, உள்ள போலாம்" என்றாயாம். உன் அம்மா இதைப் போனில் சொல்லிச் சிரித்தாள். நான், அதிலே நூற்றுக்கணக்கில் எண்ணிக்கை ஓடியிருக்கும், எப்படியும் அழிக்கப்போகிற ரிமோட்தானே என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் அந்த ரிமோட்டை அழிக்க இளம்பிள்ளைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. இது சரியான ரிமோட்தானா என்று பார்க்க ஒரு தடவை அழுத்தினேன். ஷட்டர் மேலே போனது.

முதல் அழுத்திலேயே போனது. போகக் கூடாது. நீ பத்து நாள் மலையைத் திறந்த ரிமோட் அது. ரோலிங் கோடு போர்டாக இருந்தால் முதல் அழுத்துக்கு அசையாமல் நின்று இரண்டாவதுக்குக் காத்திருந்திருக்க வேண்டும். ஏணி போட்டு மூடியைக் கழற்றினேன். நான் பத்து நாளைக்கு என்று மாட்டிய மலிவுப் போர்டு அங்கேயே சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மாதேசண்ணன் ஒரே அமுத்து என்று சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. அந்தப் போர்டு அங்கே இருந்த ஒன்றேகால் வருடத்தில், வீதியில் நின்று அந்த ரிமோட்டின் அலையைப் பிடித்த எவனும், ஐந்து நிமிடம் அதைக் கையில் வாங்கிக் காப்பி அடித்த எவனும் அந்தக் கடையைத் திறந்திருக்கலாம். நான் வாய்ப்பே இல்லை என்று ஏழெட்டுப் பேர் நடுவில் சொன்னேன்.

அதன் பிறகு நான் செய்ததுதான் இந்தக் கடிதத்திலேயே மோசமானது. வண்டியில் நல்ல போர்டு இருந்தது. மலிவுப் போர்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, நல்லதை மாட்டி, முதலாளியின் ரிமோட்டை மட்டும் அதில் பழக்கி, "பழசைக் கேன்சல் பண்ணியாச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வீதியில் என்னுடைய ஷட்டர் மொத்தம் பதினொன்று. இது தெரிந்தால் ஒருவரும் என்னை உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்தேன். மாதேசண்ணன் ஆட்டையாம்பட்டியில் ஒரு முறுக்குக் கம்பெனியில் பாக்கெட் கட்டுவதாகக் கேள்விப்பட்டேன். சேலைக் கடை ஒன்றும் அவரைச் சேர்க்கவில்லை. வேலை கிடைத்துவிட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. என் மல்டிமீட்டரைக் காணவில்லை. உன்னைக் கூப்பிட்டேன். "அப்பா மீட்டரை எங்க வச்ச?" நீ, "நான் எடுக்கலப்பா" என்றாய். "நீ எடுக்காம வேற யாரு எடுத்தா? ரிமோட்டை எடுத்தவ நீதான?" என்றேன். நீ அழவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் எடுக்கலப்பா" என்று அதே மாதிரி இன்னொரு தடவை சொன்னாய். மீட்டர் என் பைக் டப்பாவில் இருந்தது, நானே வைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றதைப் பார்த்து உன் அம்மா வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீட்டரை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள். பிறகு, "பாப்பாகிட்ட ரெண்டு முட்டாயி குடுத்தா மறந்துரும். அந்த ஆளுக்கு என்ன குடுப்பீங்க?" என்றாள்.

மறுநாள் மலிவுப் போர்டை எடுத்துக்கொண்டு பொன்னுசாமியிடம் போனேன். முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சரி, உடு. ஆளக் கூப்ட்டு மறுக்கா வேலை போட்டுக் குடுத்தர்றேன். நீ வெளிய ஒண்ணும் சொல்லாத. உம்பட பொழப்பும் போயிரும், நான் அவசரப்பட்டேன்னு எனக்கும் கேவலம்" என்றார். நல்ல ஏற்பாடுதான். எல்லோருக்கும் லாபம். ஆனால் எல்லோர் முன்னாலும் போன பெயர் பின்பக்கக் கதவு வழியாகத் திரும்பி வராது. "வீதியில வச்சுச் சொன்னதுங்க, வீதியில வச்சுத்தான் திருப்பிச் சொல்லோணும்" என்றேன். "உனக்கு எப்பவும் அவசரந்தான்" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை மத்தியானம் வரச் சொன்னார்.

ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். மாதேசண்ணனின் சம்சாரம் செல்வி அக்கா வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்க இஞ்சினீரு, இங்க ஷட்டரெல்லாம் இல்லீங்க, தட்டிக் கதவுதான். ரிமோட்டு வேண்டாம்" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். மாதேசண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, காலை நீவிக்கொண்டே கேட்டார். புதன்கிழமை நீங்கள் வர வேண்டும், எல்லோர் முன்னாலும் நான் சொல்கிறேன் என்றேன்.

செல்வி அக்காதான் பதில் சொன்னார். "போன தடவ இஞ்சினீரு சொன்னாருன்னு இவரைத் திருடன்னாங்க. இந்தத் தடவ இஞ்சினீரு சொன்னாருன்னு நல்லவன்பாங்க. ரெண்டு தடவையும் இவரு சொன்னது ஒரே சொல்லுதானுங்களே. அதை எப்ப நம்புவாங்க?"

  மாதேசண்ணன், "அவ கெடக்கறா உடுங்க சாமி. நான் வாரேன்" என்றார்.

புதன்கிழமை அதே ஆட்கள். மலிவுப் போர்டை மறுபடி மாட்டினேன். சந்தையில் கிடைக்கிற ஒரு காப்பி ரிமோட்டில் மாதேசண்ணனின் ரிமோட்டைப் படிய வைத்து, அந்தக் காப்பியை ரத்தினத்தின் கையில் கொடுத்து, அழுத்துங்க என்றேன். ஷட்டர் இறங்கியது. மறுபடி அழுத்தச் சொன்னேன், ஏறியது. பிறகு போர்டை மாற்றி நல்லதை மாட்டி, அதில் மாதேசண்ணனின் ரிமோட்டையும் பழக்கி, அதே காப்பியை அழுத்தச் சொன்னேன். அசையவில்லை. "இந்தப் போர்டை மாட்டுனது நான். மாத்தறேன்னு சொல்லி மாத்தாம உட்டது நான். வாய்ப்பே இல்லைன்னு பாக்காமச் சொன்னதும் நான். மாதேசண்ணன் தொறக்கலைன்னு சொன்னாரு, அதை யாரும் சரிபாக்கல, நானும் பாக்கல" என்றேன். ரத்தினம் கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப எங்க கடை போர்டு?" என்றார். எனக்குத் தெரிந்த கேள்விதான். "இன்னிக்கே எல்லாத்தையும் கழட்டிக் காமிக்கறனுங்க" என்றேன்.

பொன்னுசாமி எழுந்து மாதேசண்ணனிடம் போனார். "மனசுல வச்சுக்காத மாதேசா. நாளையிலிருந்து நீயே தொற" என்றார். மாதேசண்ணன் என்னைப் பார்த்து, "அந்த ஒரே அமுத்துப் போர்டை ஒருக்கா மாட்டுங்க சாமி" என்றார். மாட்டினேன். தன் ரிமோட்டை வாங்கி, ஒரே ஒரு தடவை அழுத்தினார். ஷட்டர் முழுவதும் இறங்கித் தரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாலு வருசம் தொறந்தது போதுங்க. இனி நீங்களே தொறந்துக்குங்க" என்றார். முதலாளி கையை நீட்டினார். மாதேசண்ணன் ரிமோட்டை அவர் கையில் வைக்கவில்லை, என் கையில் வைத்தார்.

அப்போது அவர் சொன்னதுக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். கோபமாகச் சொல்லவில்லை, டப்பா அமுங்கின கதையைச் சொல்கிற அதே குரலில் சொன்னார். "உங்க நல்ல போர்டு கூட, நம்பரு ஒத்து வல்லைன்னா ரெண்டாவது அமுத்துக்கு நிக்குமுங்க. நீங்க ஒரே அமுத்துல முடிச்சிட்டீங்களே சாமி."

சேலைகள் கிடைக்கவில்லை. எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது, அதனால் மாதேசண்ணன் மேல் இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் ஓரிருவர் இருக்கலாம். அதை என்னால் துடைக்க முடியாது. அந்த வீதியில் நாலு கடைக்காரர்கள் என் மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள். மீதி ஏழில் ஒவ்வொரு போர்டையும் அவர்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டினேன், இனி வருடத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். மாதேசண்ணனை எதிர்க்கடை ரத்தினம் வேலைக்குக் கூட்டிக்கொண்டார், கற்பூரம் கேட்ட அதே ரத்தினம். பொன்னுசாமி தன் கடையை எட்டரைக்குத் தானே திறக்கும்போது, எதிரே மாதேசண்ணன் எட்டுக்கே திறந்து வாசல் கூட்டியிருப்பார்.

உனக்கு அறிவுரை என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அப்பன் என்பதால் எழுதித்தான் ஆக வேண்டும். நீ எந்தத் தொழிலைப் படித்தாலும், அதில் உன் வார்த்தைக்கு எடை இருக்கும். யாராவது ஒருவர் நின்றுகொண்டிருக்க, மற்றவர்கள் உட்கார்ந்து உன்னைக் கேட்பார்கள். அப்போது வாய்ப்பே இல்லை என்று சொல்லும் முன் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் போர்டைப் பார். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதே, உள்ளே என்ன மாட்டியிருக்கிறது என்று பார். மாட்டியது நீயாக இருந்தால் இரண்டு தடவை பார்.

நமக்குள்ளும் இது வரும். நீ வளர்ந்து எங்கேயோ போவாய். நான் இல்லாத இடத்தில் உன் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். என்னென்ன பார்த்தாய், எதற்கெல்லாம் மனம் மாறினாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் வந்து நீ ஒன்று சொல்வாய், அது என்னிடம் இருக்கிற கணக்குக்கு ஒத்து வராது. என் முகம் மாறும், அந்த முகம் உனக்கு இப்போதே தெரியும். அதைப் பார்த்துத் திரும்பிப் போய்விடாதே. இன்னொரு தடவை சொல். மீட்டரைக் காணாத அன்று மூன்று வயதில் நீ சொன்ன மாதிரி, அதே இடத்தில் நின்று சொல். இரண்டாவது அழுத்துக்கு நிற்பது என் வேலை.

இன்று காலை நான் போனில் கத்திக்கொண்டிருந்தது ஒரு புது வாடிக்கையாளரிடம். நீ இழுப்பறையை மூடிவிட்டுப் போனபின் அடுத்த போன் வந்தது. "இஞ்சினீருங்களா, மாதேசன் பேசறனுங்க. ரெண்டு தடவ அமுத்திப் பாத்துட்டேன், தொறக்கலீங்க. பேட்டரியாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன். நீங்க வந்து பாத்துட்டுச் சொல்லுங்க." நான், "இதோ வாரேனுங்ண்ணா" என்றேன். ரத்தினம் கடைக்குப் போய், ரிமோட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரிதான்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: அந்தச் சாம்பல் ரிமோட் உடைந்தது இல்லை. அது மாதேசண்ணனுடையது. சாயங்காலம் நீ தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக இதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா